சூடே இல்லாமல் நூற்கிறது, நைனா

என் நல்ல நைனாவுக்கு,

நேற்று மத்தியானம் எங்கள் ஆய்வகத்தில் நூல் வந்துவிட்டது. ஒரு சாண் நீளம்தான். சிலந்தியின் மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்து, அது செய்துகொடுத்த புரதத்திலிருந்து இழுத்த நூல். கையில் பிடித்ததும் முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றியது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? கும்மிடிப்பூண்டியில் நீ மிஷின் ஓட்டிய நைலான் நூல் கம்பெனியிலேயே எனக்கும் ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாய். நான் சிலந்தியை ஆராயப் போகிறேன் என்றேன். "இன்னாம்மா, பூச்சி புடிக்கவா உன்ன எம்மெஸ்சி வரைக்கும் படிக்க வெச்சேன்?" என்றாய். "உனக்கு இதெல்லாம் புரியாது" என்று கத்திவிட்டேன். அதன்பின் ஒரு மாதம், கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்து நம் ஆரணி வீட்டில் நாம் அம்மா வழியாகத்தான் பேசிக்கொண்டோம்.

ஒரு நாள் காலை ஷிஃப்ட் முடிந்து வந்து டிபன் டப்பாவை என் முன்னால் வைத்தாய். திறந்தால் உள்ளே ஒரு சிலந்தி. அம்மா அலறிக்கொண்டு வெளியே ஓடினாள்.

"மிசினு பக்கத்துல வலை கட்டிக்கினு இருந்துச்சு. தொடப்பத்தால தட்டப் போனாங்க, நான்தான் புடிச்சாந்தேன்" என்றாய். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டுக் கேட்டாய். "எங்களுக்கு நைலான் குருணைய உருக்கினாத்தான் நூலு. இதுக்கு ஹீட்டரு எங்க கீது?"

அன்றுதான் உனக்கு ஒழுங்காகச் சொன்னேன். நூலுக்கான மரபணு சிலந்தியின் எல்லாச் செல்லிலும் இருக்கிறது. ஆனால் வயிற்றிலுள்ள பட்டுச் சுரப்பியின் செல்கள்தான் அதை எடுத்துப் படிக்கின்றன. ஒரே சங்கதி அதில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கும். அதைப் பிரதி எடுத்து, நீள நீளமான புரதங்களைக் கோத்து, சுரப்பியின் பைக்குள் விடுகின்றன. அங்கே அது வெறும் பாகு. குறுகிக்கொண்டே போகும் குழாயில் வரும்போது உப்பு மாறுகிறது, புளிப்பு ஏறுகிறது, புரதங்களின் நுனிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. சிலந்தி இழுக்க இழுக்க அவை வரிசையாகி, இறுகி, நூலாகிவிடுகின்றன.

"அப்போ தள்ளல, இழுக்குது" என்றாய் உடனே. "எங்க மிசின்லயும் இழுவையிலதான் நூலுக்கு பலம்."

எம்மெஸ்சி படிக்கும்போது எனக்கு அது விளங்க ஒரு வருஷம் ஆகியிருந்தது.

கத்தியதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்டேனா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். நெஞ்சு வலிக்கிறது என்று நீ உட்கார்ந்த காலையில் எதற்கும் நேரம் இருக்கவில்லை. காரியத்துக்கு உன் ஷிஃப்ட் ஆட்கள் ஒரு வேனில் வந்தார்கள். ஒருவர் என்னிடம், "நீதானாம்மா அந்த சிலந்தி டாக்டரு? உன்னப் பத்தியே பேசிக்கினு இருப்பாரு. கேண்டீன்ல எங்களுக்கு கிளாஸே எடுத்தாரு" என்றார். அத்தனை அழுகைக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை நைனா?

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் தோல்விதான். ஒரே சங்கதி திரும்பத் திரும்ப வந்தால் பாக்டீரியா அந்த மரபணுவில் பாதியை வெட்டிப் போட்டுவிடும். அதே புரதத்தைத் தரும் மரபணுவை வேறு வேறு எழுத்துக்கோவைகளில் எழுதி வைத்தோம். அப்போதுதான் நிலைத்தது.

அம்மாவுக்குப் போனில் நூலின் படம் அனுப்பினேன். அம்மா தெரு முழுக்கக் காட்டிவிட்டாளாம். "இதுல பொடவ எப்ப நெய்வ?" என்று கேட்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். நீ கவலைப்படாதே.

எங்கள் நூல் இன்னும் சிலந்தியுடையது அளவுக்குத் தாங்கவில்லை. லேசாக இழுத்தாலே அறுகிறது. அந்த பலம் வரும்வரை இந்த மேசையை விட்டு எழுந்திருக்க மாட்டேன், சத்தியம். நேரத்துக்குச் சாப்பிட மட்டும் எழுந்திருப்பேன். இல்லையென்றால் நீ திட்டுவாய்.

உன் மூத்த மகள்,
ரேவதி