மறுபக்கம் பார்க்க ஆளில்லை

அன்புள்ள டீச்சருக்கு,

நான் நலம். நீ காய்ச்சல் கீய்ச்சல் எதுவும் இல்லாமல் இருக்கிறாயா? போனை நீ எடுப்பதில்லை, போன இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. வெட்கமில்லாமல் மூன்றாவதும் எழுதுகிறேன்.

நம் லாரியைப் பிரித்துவிட்டேன். பதறாதே, விற்கவில்லை. பழைய இரும்புக் கடையில் மரம் விழுந்து நசுங்கிய வண்டி ஒன்று கிடந்தது. கேபின் போய்விட்டது, ஆனால் அடியில் இருக்கும் சேசிஸ் சட்டம் உறுதி. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி அது. நம்முடையதில் பின்சக்கரம் மட்டும்தானே இழுக்கும்? அதனால் நம் கேபினைக் கழற்றி அதன் மேல் வைத்துவிட்டேன். பேசாமல் வேறு வண்டி வாங்கலாமே என்றார் பக்கத்துப் பட்டறை வெல்டர். என் வீட்டுக்காரி உட்காரும் சீட் இதில்தான் இருக்கிறது என்றேன். "அண்ணே, உங்களுக்கு மறை கழண்டுபோச்சு" என்று சிரித்துக்கொண்டே போனார்.

கேபினைச் சங்கிலியில் தூக்கி இறக்குவது இரண்டு பேர் வேலை. முன்பெல்லாம் நான் இழுக்க, நீ நோட்டுத் திருத்திக்கொண்டே மறுபக்கம் நின்று, இன்னும் கொஞ்சம் தள்ளு என்பாய். இந்த முறை நானே இழுத்தேன், நானே ஓடிப்போய்ப் பார்த்தேன். கடைசியாக இறக்கும்போது, பழக்க தோஷத்தில் "சரியா இருக்கா?" என்று சத்தமாகக் கேட்டும்விட்டேன். சரியாகத்தான் இருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டு போல்ட்டையெல்லாம் முறுக்கினேன். மறுநாள் பார்த்தால் மறுபக்கம் பிரேக் பைப் அடியில் மாட்டி நசுங்கிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி தூக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு அழுதுவிட்டேன். நீ இல்லாத பட்டறை எனக்குத் தாங்கவில்லை.

முன்சக்கரத்தைச் சேர்த்து இழுக்க வைக்க இதில் தனியாக ஒரு லிவர் உண்டு. நம் கேபின் தரையில் அதற்கு ஓட்டை இல்லை, வெட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. நீ கால் நீட்டும்போது இடிக்கும். ரப்பர் சுற்றி வைத்திருக்கிறேன்.

சொல்ல வந்தது இதுவல்ல. நீ மலைமேல் பள்ளிக்கூட விடுதி அறையில் காய்ச்சலில் கிடந்தபோது நான் கிளம்பி வந்தது உண்மை. மேட்டு வளைவில் சக்கரம் சேற்றில் புதைந்ததும் உண்மை. டிராக்டர் பிடித்து வண்டியை இழுத்து, வந்த வழியே வீடு திரும்பினேன். அங்கிருந்து உன் அறைக்கு இரண்டே மைல். போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டாய்: "வண்டிதான் சிக்கிடுச்சு, சரி. உங்களுக்குக் காலுமா இல்ல?" அதற்குப் பிறகு நீ விடுமுறைக்குக்கூடக் கீழே இறங்கவில்லை. பதில் தெரியாமல்தான் பதினெட்டு நாளாக ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் நடந்து வந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். வளைவில் வண்டி ஏறாவிட்டால் அங்கேயே போட்டுவிட்டு நடந்து வருவேன். ஏறிவிட்டால், உங்கள் விடுதி வாசல் குறுகல், பின்னால் எடுத்துத்தான் நிறுத்த வேண்டும். கோபம் அப்படியே இருக்கட்டும். வெளியே வந்து மறுபக்கம் நின்று, இடிக்காமல் பார்த்துச் சொல்.

இப்படிக்கு,
உன் மறை கழண்ட மெக்கானிக்