இன்னும் பூக்காத மூன்று அப்ரிகொட் மரங்களை வெட்டாதிருக்கக் கோரல்

அனுப்புநர்:
ம. சோதிலிங்கம்,
துண்டு எண் 14, சமூகப் பழத்தோட்டம்,
பாபகூரா, ஓக்லாந்து.

பெறுநர்:
திரு. கோதண்டராமன்,
மர மேற்பார்வை அதிகாரி,
தோட்ட நில அறக்கட்டளை, ஓக்லாந்து.

பொருள்: உயிருள்ள மரங்களுக்குச் சிவப்புக் குறி இட்டமை தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

ஆங்கிலத்தில் இருமுறை எழுதினேன், தானியங்கிப் பதில் தவிர வேறெதுவும் வரவில்லை. தாங்கள் தமிழர் என அறிந்து இதைத் தமிழில் எழுதுகிறேன்.

1. இங்கு செப்டம்பரில் விழும் வசந்தகால உறைபனிக்குத் தப்பும்படி பிந்திப் பூக்கும் அப்ரிகொட் மரத்தை உருவாக்கப் பதினொரு ஆண்டுகளாக முயல்கிறேன். ஒரு மரத்தின் மகரந்தத்தை இன்னொன்றின் பூவில் தூரிகையால் தொட்டு, வந்த விதைகளை நட்டு, அறுபது கன்றுகள் வளர்த்தேன். அவற்றுள் நான்கு மட்டுமே ஒக்டோபரில் பூப்பவை.

2. இம்மாதம் 13ஆம் திகதி காலை விழுந்த உறைபனியில், முந்திப் பூத்த மரங்களின் பூக்கள் அனைத்தும் கருகின. மொட்டு விரியாமல் நின்ற இந்நான்கும் தப்பின. தோட்டத்தில் நின்று அழுதேன், சந்தோஷத்தில்.

3. பட்ட மரங்களை அகற்றவென்று 15ஆம் திகதி வந்த தங்கள் ஒப்பந்தக்காரர், கருகிய பூவும் துளிருமாக நின்றவற்றை உயிருள்ளவை என்றும், பூவோ இலையோ இன்றி வெறும் கொப்பாக நின்ற என் நான்கையும் பட்டவை என்றும் தீர்மானித்துச் சிவப்புக் குறி இட்டார். புதன்கிழமை ஒன்றை வெட்டியும் விட்டார். அதன் கொப்புகளை வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் வைத்திருக்கிறேன். நேற்று அவற்றில் பூ விரியத் தொடங்கிவிட்டது. பூ விரிந்த கொப்பு வேறு மரத்தில் ஒட்டுக் கட்டவும் உதவாது. அந்த வாளியைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

4. என் பிழையையும் மறைக்கவில்லை. யாராவது கொப்பு வெட்டி ஒட்டுக் கட்டித் தம்முடையது என்பார்களோ என்று பயந்து, இம்மரங்களில் பெயர்ப்பட்டி கட்டாமல் விட்டேன், யாருக்கும் சொல்லவுமில்லை. "ஒளிச்சு வச்சு என்னத்தைக் கண்டனீங்கள்?" என்று என் மனைவி பிரியந்தி கேட்கிறார்.

5. எஞ்சிய மூன்றையும் வியாழக்கிழமை, 25ஆம் திகதி காலை ஏழு மணிக்கு வெட்டுவதாக வாசலில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. தங்கள் அலுவலகத்தின் தானியங்கிப் பதிலோ பத்து வேலை நாட்கள் பொறுக்கச் சொல்கிறது.

ஆகவே, வாள் வைக்குமுன் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்க்கும்படி ஆணையிட வேண்டுகிறேன். உள்ளே பச்சை தெரிந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. அதற்கு ஒரு நிமிடம் போதும். விதை போட்டு இதே மரத்தை மறுபடி பெற முடியாது. எனக்கு வயது அறுபத்தெட்டு. இன்னொரு பதினொரு ஆண்டு என்னிடம் இல்லை.

வியாழன் காலை ஆறு மணியிலிருந்து நான் அம்மரங்களின் கீழ் நிற்பேன். வெட்ட வருகிறவருக்கு இதைத் தயவுசெய்து முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தங்கள் ஆணையை எதிர்பார்த்து,
ம. சோதிலிங்கம்

இடம்: பாபகூரா
திகதி: 22.09.2025