ஜெயராணியின் கடைவாய்ப் பல்

அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து தூறல். கம்ப்ரஸரில் மறுபடி சத்தம். மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். பஞ்சு, கையுறை தீர்ந்துவிட்டன.

கிளினிக்குக்கு நான்கு பேர்தான். மூன்று பேர் எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிட்டு, "ஊட்டுல கேட்டுட்டு வர்றனுங்க" என்று போனவர்கள். திரும்ப மாட்டார்கள். பனியன் கம்பெனிகளில் ஆர்டர் இல்லை. வாரத்தில் பாதி நாள்தான் வேலையாம்.

நான்காவது ஜெயராணி. ஓவர்லாக் டெய்லர், தென்காசிப் பக்கம். கீழ்க் கடைவாய்ப் பல்லில் சீழ், கன்னம் வீங்கி.

"புடுங்கிப் போட்ருங்க மேடம்."

நல்ல பல். வேர் சிகிச்சை செய்தால் காப்பாற்றிவிடலாம். அந்தப் பக்கம் ஏற்கெனவே இரண்டு பல் இல்லை, இதுவும் போனால் எதைக் கொண்டு மெல்லுவாள்? சொன்னேன். செலவையும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க வீட்டுக்காரரு சம்பளத்தையும் சேத்துப் போட்டாலும் பத்தாதே மேடம்."

பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். அங்கே போனால் ஒரு ஷிப்ட் போய்விடும். மறுநாள் அவள் மெஷினில் வேறு ஆளை உட்காரவைத்துவிடுவார்கள் என்றாள். காண்ட்ராக்ட் வேலை. இ.எஸ்.ஐ. கிடையாது.

"கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க, போதும்." இதைச் சொன்னது நான்தான். சொன்னதென்ன, வற்புறுத்தினேன். பல்லைத் திறந்து சீழை வடித்து, தற்காலிகமாக அடைத்தேன். கையிலிருந்ததைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 11, சனி

சம்பள நாள். அப்படியும் கூட்டமில்லை. ஜெயராணி வந்தாள். வேர்களைச் சுத்தம் செய்து மருந்து வைத்தேன். வலி இல்லையாம்.

"போனஸ் வந்ததும் மொத்தமாத் தந்துருதேன் மேடம். மவளுக்கு இன்னும் தீபாவளித் துணிகூட எடுக்கல."

சரி என்றேன். தீபாவளி முடிந்ததும் வந்து நிரந்தரமாக அடைத்துக்கொள்ளச் சொன்னேன், அதுவரை தற்காலிக அடைப்புதான்.

அக்டோபர் 15, புதன்

பேங்கிலிருந்து இரண்டு முறை போன். கிளினிக் நாற்காலி வாங்கிய கடன். கட்டடக்காரர் வந்து சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். வாடகை என்று வாய் திறக்கவில்லை. அதற்குத் திட்டியே இருக்கலாம்.

ரிசப்ஷனில் சாந்தாமணியக்கா கேட்டார்: "பாக்கி வெச்சவங்களுக்கெல்லாம் போன் போடட்டுங்களா மேடம்?"

கையில் எக்ஸ்ரே. போடுங்க என்றேன். யார் யாருக்கு என்று கேட்கவில்லை.

அக்டோபர் 29, புதன்

தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். ஜெயராணி மட்டும் வரவில்லை.

"நாலு வாட்டி போட்டனுங்க," என்றார் அக்கா. "மொத வாட்டி எடுத்துச்சு. போனஸ் பாதிதான் போட்டாங்களாம், அடுத்த வாரம் தாரேன்னுச்சு. அப்பறம் எடுக்கறதேயில்லீங்க."

"பல் எப்படி இருக்குன்னு கேட்டீங்களா?"

"பணத்தத்தானுங்களே கேக்கச் சொன்னீங்க."

அந்த அடைப்பு இவ்வளவு நாள் தாங்காது. நானே அழைத்தேன், எடுக்கவில்லை. கிளினிக் நம்பர்தானே. பணம் வேண்டாம், வந்து காட்டிவிட்டுப் போங்கள் என்று மெசேஜ் அனுப்பினேன். பார்த்ததாகத் தெரியவில்லை. சீட்டில் முகவரி என்ற இடத்தில் ஊர்ப் பெயர் மட்டும்.

அக்டோபர் 31, வெள்ளி

பல்லடம் பஸ் ஸ்டாப் காய்கறிக் கடையில் அவளேதான். துப்பட்டாவைக் கன்னத்தோடு அழுத்திப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எடைக்கு வைத்த தக்காளியை அப்படியே விட்டுவிட்டு, கிளம்பிய பஸ்ஸில் ஓடி ஏறிவிட்டாள். எந்த ஊர் பஸ் என்றுகூடப் பார்த்திருக்க மாட்டாள். கூப்பிட்டேன். ஹார்ன் சத்தத்தில் கேட்டதோ இல்லையோ.

என்னைக் கண்டு ஓடுகிறார்கள்.

நவம்பர் 4, செவ்வாய்

கூடப் படித்தவள் பெரியாஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். நேற்று ஒரு பெண்ணை மூச்சு விட முடியாமல் கொண்டுவந்தார்களாம். பையில் என் கிளினிக் சீட்டு. சீழ் தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்கிவிட்டது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். பல்லை எடுத்துவிட்டார்களாம்.

மதியமே போனேன். வெளியே அவள் கணவர் தேவராஜ். சாயப்பட்டறை வேலை, நகமெல்லாம் நீலம். யாரென்று சொன்னதும் பதறி எழுந்தார்.

"மீதிய இந்த மாசம் எப்படியும் கட்டிருதோம் மேடம். அவளும் அதையேதான் சொல்லிக்கிட்டு கெடந்தா. கோவிச்சுக்கிடாதீங்க."

பணத்துக்கு வரவில்லை, பார்க்கத்தான் வந்தேன் என்றேன். தலையாட்டினார். நம்பவில்லை.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். விழித்திருந்தாள். என்னை அடையாளம் கண்டதும், ஊசி குத்திய கையைத் தூக்கி மற்ற கையோடு சேர்த்துக் கும்பிட்டாள். கையை இறக்கவேயில்லை. நான்தான் நகர்ந்துவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

உயிருக்கு ஆபத்தில்லையாம். குழாயை எடுக்க நாளாகும். அதுவரை பேச்சு கிடையாது. மெஷினில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று என்று தேவராஜ் சொன்னார்.

இனி யாருக்கும் பாக்கி கேட்டு போன் போட வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப வாடகைக்கு என்ன பண்றதுங்க மேடம்?"

வெளியே பெஞ்சில் ஒருவர், கன்னத்தில் கை வைத்தபடி. உள்ளே அனுப்பச் சொன்னேன்.