கீறல் விழுந்த தட்டுக்கே முதலிடம்

நல்ல பாட்டு கேட்டால் சட்டைப் பொத்தானைத் திருகத் தொடங்கும் என் செல்ல அப்பாவுக்கு,

டிசம்பர் முடியப் போகிறது. வழக்கம்போல இந்த வருஷத்தின் சிறந்த மூன்று இசைத்தட்டுகளை அறிவித்தாக வேண்டும். நீங்கள் இல்லாமல் யாரோடு சண்டை போட்டு முடிவு செய்வது? உங்கள் மாப்பிள்ளை எதைப் போட்டாலும் "நல்லாத்தானே இருக்கு" என்பார். அவரோடு சண்டை போட முடியுமா?

மூன்றாமிடம், புதிதாக வந்த ஒரு தமிழ்ப் படத்தின் பாட்டுகளுக்கு. பாதி சுமார்தான். ஆனால் அதில் ஒரு தாலாட்டு. புல்லாங்குழல்காரர் மூச்சு வாங்குவது அப்படியே பதிவாகியிருக்கிறது. அந்த மூச்சுக்காகவே கொடுத்தேன். இரண்டாமிடம், இங்கே மட்டாஞ்சேரிக் கல்யாண வீடுகளில் பாடும் ஒருவரின் கஜல் கேசட்டுக்கு. ஆமாம், கேசட். "தட்டில வராதது பாட்டே இல்லை" என்று நீங்கள் முறைப்பது தெரிகிறது. நடுவில் யாரோ சாயா ஆற்றும் சத்தம்கூடக் கேட்கிறது அப்பா, அவ்வளவு அழகு!

முதலிடத்துக்கு வருமுன் மீனுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வயது முடிந்தும் உங்கள் பேத்தி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் தமிழ், வாசலில் மலையாளம், குழம்பிவிட்டாளோ என்று முதலில் நினைத்தேன். ஒருநாள் அடுத்த வீட்டு ரோசி சேச்சி அவள் முதுகுக்குப் பின்னால் பானை மூடியைத் தட்டிப் பார்த்தாள். மீனு திரும்பவே இல்லை. "மோளே, கொச்சுக்குச் செவி கேக்கலையோன்னு ஒரு சம்சயம்" என்றாள் சேச்சி. காது டாக்டரிடம் நாள் வாங்கினேன். வாங்கிவிட்டு, அந்த நாள் வராமலே போகாதா என்று கிடந்தேன்.

உங்கள் படகுப் பாட்டுத் தட்டு நினைவிருக்கிறதா? மீனு பிறந்த செய்தியை மாப்பிள்ளை வாசலிலிருந்தே கத்தினாரே, நீங்கள் துள்ளி எழுந்ததில் கை பட்டு முள் தட்டின் மேல் இழுத்துக்கொண்டு போனதே. அதன் பிறகு அந்தப் பாட்டு ஒரே வார்த்தையில் சிக்கிக்கொள்ளும். கரை, கரை, கரை. நீங்கள் மீனுவை மடியில் வைத்துக்கொண்டு மூன்று தடவை ஓடவிட்டு, விரலால் முள்ளைத் தள்ளிவிடுவீர்கள். மதிலுக்கு அப்பாலிருந்து சேச்சி, "சாரே, கொச்சுக் குழந்தையைக் கரையச் சொல்லுதா உங்க பாட்டு?" என்று கேலி செய்வாள். அவள் மொழியில் கரைவது என்றால் அழுவது அல்லவா!

மழைக்காலத்தில் நீங்கள் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு அந்தத் தட்டை நான் தொடவில்லை.

போன மாதம் மாப்பிள்ளை அதே பாட்டுகளைப் புதுக் கேசட்டில் வாங்கிவந்தார். கீறல் இல்லாமல் பாட்டு கரையைத் தாண்டிப் போயிற்று. தரையில் கரண்டியோடு விளையாடிக்கொண்டிருந்த மீனு விருட்டென்று எழுந்தாள். டேப் ரிக்கார்டரை ஒரு அடி அடித்தாள்.

"கரை! கரை! கரை!"

சரியாக மூன்று தடவை.

"பாட்டு அது பாட்டுக்குப் போகுது, இவ யாரை அதட்டுறா?" என்றார் மாப்பிள்ளை. நான் அவளை அள்ளிக்கொண்டு சேச்சி வீட்டுக்கு ஓடினேன். அங்கேயும் சொன்னாள், சிரித்துக்கொண்டே.

"கரைன்னு சொல்லிட்டுச் சிரிக்குது பார், கள்ளி!" சேச்சிதான் அழுதாள். "அப்போ அன்னிக்கு என் மூடிச் சத்தம் உனக்குப் பிடிக்கலையாடீ?"

வேறு யார் பேத்தி? மோசமான தாளத்துக்குத் திரும்பிப் பார்ப்பாளா?

டாக்டரும் காது நன்றாகவே கேட்கிறது என்று சொல்லிவிட்டார்.

ஆகவே முதலிடம் உங்கள் கீறல் தட்டுக்கு. அந்தந்த வருஷம் வந்ததுதான் போட்டியில் சேரும் என்பது உங்கள் சட்டம். மீறிவிட்டேன். சண்டைக்கு வருகிறீர்களா? வாருங்களேன்!

இப்போது நான்தான் மீனுவை மடியில் வைத்துக்கொண்டு முள்ளைத் தள்ளிவிடுகிறேன். இனி தினமும் தள்ளுவேன் அப்பா. பாட்டு எத்தனை தடவை சொன்னாலும் கரைய மாட்டேன்.

என்றும் உங்கள் எதிர்க்கட்சி,
மகள் லலிதா