உள்ளங்காலில் ஒட்டிய சுண்ணாம்பு

இன்று சாயங்காலம் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். மூட்டையைப் பிரித்ததும் அந்த வாடை மூக்கில் ஏறியது. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. ஈரக்காற்றில் சுண்ணாம்பு எப்படி நாறும் என்று உனக்குத் தெரியும். சுற்றி நின்றவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். எனக்கு மட்டும் நீ ஒற்றைக் காலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

நீ எங்களை விட்டுப் போன அந்த வருஷத்தோடு நின்றுபோன கூடைப்பந்துப் போட்டியை மறுபடி ஆரம்பிக்கிறார்கள். நாளைக் காலையில் கமிட்டி கூடுகிறது. பழைய விதிகளை அப்படியே வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்று பேசப்போகிறார்களாம். பழைய ஆட்டக்காரன் என்று என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே நான் என்ன பேசுவது? உன்னைக் கேட்காமல் அந்த மைதானத்தில் ஒரு பந்துகூட நான் போட்டதில்லையே. அதனால்தான் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்த இரண்டு விதிகளும் உனக்கு எப்போதுமே ஆகாது. முதலாவது, ஆற்றை வைத்துப் போட்டது. ஆரணி ஆற்றுக்கு வடக்கே கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஊர்கள் ஒரு பிரிவு, தெற்கே திருவள்ளூரும் மற்றவையும் ஒரு பிரிவு. ஒவ்வொரு கரையிலும் ஜெயிக்கிற டீம் இறுதி ஆட்டத்துக்குப் போகும். அந்த ஆட்டம் ஒரு வருஷம் தென்கரையில், மறுவருஷம் வடகரையில். காதில் கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நன்றாக ஆடுகிற இரண்டு டீமும் தெற்கே இருந்தன. ஒன்று நாம், இன்னொன்று செங்கல் சூளைக்காரர்கள். இறுதியில் மோத வேண்டிய நாம் இருவரும் பாதியிலேயே மோதிச் சாக வேண்டும். வடக்கே சுலபமாக ஜெயித்தவன் காலை நீட்டிக்கொண்டு காத்திருப்பான்.

நீ சும்மா இருக்கவில்லை. கமிட்டிச் செயலாளரை நேரே போய்க் கேட்டாய். வக்கீல் மனுஷன், நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நீ கையைக் கட்டிக்கொண்டுதான் பேசினாய், பேச்சு மட்டும் நிமிர்ந்து இருந்தது.

"ஜெயிச்ச மேட்ச்ச வச்சி வரிசை போடுங்க சார். ஆத்த வச்சி போடாதீங்க. நாங்களும் சூளைக்காரனும் பாதியில மோதுனா எவன்னா ஒருத்தன் ரத்தம் பாத்துட்டுதான் ஊட்டுக்குப் போவான்."

அவர் சிரித்தார். "ஆறு ஆண்டவன் போட்ட கோடுப்பா. அதுல நாம கை வைக்க முடியுமா?" என்றார்.

வெளியே வந்ததும் நீ காறித் துப்பினாய். "ஆண்டவன் போட்ட கோடாம். பாத்துக்கினே இரு பாய், அந்தக் கோடு ஒரு நாளு எவனயாவது வாங்கிக்கினு போவும்."

"வாயக் கழுவுடா" என்று நான் கத்தினேன். நீ என் முதுகில் ஓங்கித் தட்டிவிட்டுச் சிரித்தாய்.

இரண்டாவது விதி சுண்ணாம்புக் கோடு. ஆட்டம் நடக்கிற இடத்துக்கு வெளியே, மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்கு முன்னால், கால் அகலத்துக்குப் பட்டையாகப் போட்டிருப்பார்கள். உள்ளே சண்டை நடந்தால் பெஞ்சில் இருப்பவன் அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அடுத்த ஆட்டம் கிடையாது. டீமோடு லாரியில் ஏறக் கூடாது, மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு உள்ளே உட்காரவும் கூடாது. நாமெல்லாம் வெறுங்காலில் ஆடுகிறவர்கள். அதனால் சண்டை அடங்கியதும் செயலாளர் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, மாட்டுக்கு லாடம் பார்க்கிற மாதிரி காலைத் தூக்கச் சொல்வார். எவன் உள்ளங்கால் வெளுத்திருக்கிறதோ அவன் குற்றவாளி. வேறு சாட்சியே வேண்டாம். முன்பு ஒரு தடவை இரண்டு பெஞ்சும் உள்ளே புகுந்து ஒருவன் மண்டை உடைந்ததாம், அதற்காகப் போட்ட விதி என்பார்கள். சரி, நல்லதுக்குத்தான் போட்டிருப்பார்கள்.

அந்த வருஷம் உனக்கு மட்டும் அது வெறும் கோப்பை இல்லை. மெட்ராஸில் ஒரு பெரிய கம்பெனி தன் டீமுக்கு ஆள் எடுக்கிறது, இறுதி ஆட்டத்தைப் பார்க்க அவர்கள் ஆள் வருகிறார் என்று பேச்சு வந்தது. எடுத்தால் கம்பெனியிலேயே வேலையும் உண்டு. நீ ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தாய். வண்டி வராத நாளில் அடுப்பு எரியாது. என் சைக்கிள் கடை வாசலில் குந்திக்கொண்டு அந்த வேலையைப் பற்றியே பேசுவாய்.

"பர்மனென்ட் வேலை பாய். கெடச்சிதுன்னு வை, எங்கம்மாவ இனிமே சேத்துல எறங்கி நாத்து நட வேணாம்னு சொல்லிடுவேன். அது இடுப்பு ஒடிஞ்சி பூட்ச்சி."

சூளைக்காரர்களோடு மோதிய அன்று காலையிலிருந்தே எனக்கு மனசு சரியில்லை. நாஷ்டா இறங்கவில்லை. மைதானத்தைச் சுற்றி நின்ற கூட்டத்தில் பாதிப் பேர் கையில் சவுக்குக் கட்டை. நீ முதல் பாதியிலேயே கணுக்கால் பிசகி, வீங்கிய காலோடு பெஞ்சில் போய் உட்கார்ந்தாய். பிறகு நான் பந்தோடு வளையத்துக்குக் கீழே போனபோது எவனோ முழங்கையால் என் வாயில் இடித்தான். விழுந்தேன். மேலே ஆட்கள் விழுந்தார்கள். என் கழுத்தில் ஒரு கால் ஏறி நின்றது. மூச்சு விட முடியவில்லை, மண்ணும் ரத்தமும் வாய்க்குள் போயின. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றோடு முடிந்தேன் என்றுதான் நினைத்தேன்.

நம் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் கோட்டை ஒரே தாவாகத் தாவி உள்ளே வந்தார்கள். ஒருவன் முக்காலியைத் தூக்கிச் சூளைக்காரன் முதுகில் உடைத்தான். நீ மட்டும் தாவவில்லை, உன்னால் முடியாது. நொண்டி நொண்டி, அந்தச் சுண்ணாம்பிலேயே காலை இழுத்துக்கொண்டு நடந்து வந்தாய். ஒருவனையும் அடிக்கவில்லை. என் கழுத்தில் நின்றவனை இரண்டு கையாலும் தள்ளிவிட்டு என்னைத் தோளில் போட்டுக்கொண்டாய். "ஒண்ணியும் இல்ல பாய், மூச்ச இழு, இழு" என்று நீ சொல்லிக்கொண்டே போனது என் காதிலேயே நிற்கிறது.

சண்டை அடங்கியது, காலைப் பார்த்தார்கள். தாவிக் குதித்தவன் காலெல்லாம் சுத்தம். முக்காலியை உடைத்தவன் காலும் சுத்தம். உன் கால் மட்டும் கணுக்கால்வரை வெள்ளை.

கிழிந்த உதட்டோடு நான் செயலாளரிடம் ஓடினேன். "என்னத் தூக்க வந்தான் சார், அடிக்க வரல" என்று அழுதேன்.

"எதுக்கு வந்தான்னு விதி கேக்கலியே. வந்தானா இல்லியா, அவ்வளவுதான்" என்றார்.

நீ வாதாடவே இல்லை. காலை இறக்கிவிட்டு, "வுடு பாய்" என்றாய். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மூட்டைச் சுண்ணாம்பையும் அந்த ஆள் தலையில் கொட்டியிருப்பேன். நீ பிடித்த பிடியில் நகர முடியவில்லை.

நாம் ஜெயித்திருந்தோம். இறுதி ஆட்டம் அந்த வருஷம் வடகரையில். ஐப்பசி மழை மேற்கே கொட்டிக்கொண்டிருந்தது. காலையிலேயே லாரி கிளம்பியது. நீ ஓரமாக நின்றாய். "மெட்ராஸ்காரரு கைல நானே ஒரு வார்த்த பேசிக்கிறேன். கால் சரியானதும் ஒரே ஒரு தபா ஆடிக் காட்டுறேன்னு கேப்பேன். அப்பறமா பஸ்ஸுல வர்றேன், நீ போ" என்றாய். பெரியபாளையத்தில் லாரி தரைப்பாலத்தைத் தாண்டும்போது செந்தண்ணீர் சக்கரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். ஏன் பார்க்கிறேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

ஆட்டம் முழுக்க என் கண் கயிற்றுக்கு வெளியேதான் இருந்தது. உன் தலை தெரியவேயில்லை. நாம் தோற்றோம். மெட்ராஸ்காரர் நம் டீமில் ஒருவனை எடுத்தார். அவன்தான், முக்காலியை உடைத்தவன். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

திரும்பி வரும்போது லாரி வடகரையிலேயே நின்றுவிட்டது, பாலம் தண்ணீருக்குள். தண்ணீர் வடிந்து நாங்கள் இக்கரைக்கு வந்தபோது, அம்மன் கோயில் பக்கத்தில் வேப்பிலை விற்கிற அம்மா என்னைப் பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு நம் டீமின் சட்டை அடையாளம் தெரிந்திருந்தது.

"இதே சட்ட தான்பா. பஸ்ஸு நின்னுப்போச்சு, எறங்கி நொண்டிக்கினே ஆத்தப் பாக்க நடந்தான். போவாத நைனா, தண்ணி ஏறிக்கினே வருதுன்னு கத்துனேன். 'மேட்ச் முடிஞ்சிடும்மா, லாரி போன வழி தானே'ன்னான். பாதி தூரம் போனான். அந்தக் காலு மடங்கிச்சி. அப்பறம் ஆளு இல்ல."

உன் அம்மாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். வயலில் இருந்தாள். சேற்றை விட்டு ஏறவில்லை. கையிலிருந்த நாற்று முடி தீரும்வரை நட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

இனி இன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கோடு போட்டதும், பழைய விதிப்படியே சூளைக்காரர்களோடு ஒரு பயிற்சி ஆட்டம் வைத்தார்கள். நான் நம் பெஞ்சில் பொறுப்பாளராக உட்கார்ந்திருந்தேன். பந்துக்கு எகிறிய இரண்டு பேர் மோதினார்கள், கைகலப்பு வந்தது. சூளைக்காரர்களில் ஒருவன் மல்லாந்து விழுந்து, வாயைத் திறந்து திறந்து மூடினான். சத்தம் வரவில்லை. அவனைச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தவர்கள் அவனைப் பார்க்கவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்தார்கள். இரண்டு பெஞ்சும் பார்த்தன. ஒருவன்கூட எழுந்திருக்கவில்லை. பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு, முதலில் அவனைப் பார்த்தார்கள், பிறகு குனிந்து கோட்டைப் பார்த்தார்கள். அவனுடைய சொந்த டீமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. ஐயோ, அந்த அமைதியைப் போலப் பயங்கரமான ஒன்றை நான் பார்த்ததில்லை. உன்னை ஆற்றுக்கு அனுப்பிய விதி இவர்களுக்கு உட்காரக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

நான் எழுந்தேன். தாவவில்லை. என்னால் தாவ முடியும், ஆனாலும் தாவவில்லை. அந்தச் சுண்ணாம்பில் காலை அழுத்தி வைத்து, உன்னைப் போலவே இழுத்துக்கொண்டு நடந்து போனேன். அவனைத் தூக்கி உட்காரவைத்து முதுகைத் தேய்த்துவிட்டேன். "ஒண்ணியும் இல்லப்பா, மூச்ச இழு, இழு" என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனுக்கு மூச்சு வந்தது.

செயலாளர் அதே வக்கீல்தான். தலை நரைத்துவிட்டது. குடையை ஊன்றிக்கொண்டு வந்து, "காலைக் காட்டுங்க பாய்" என்றார்.

"இப்ப இல்ல சார். நாளைக்கிக் கமிட்டியில" என்றேன்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் இந்நேரம் தண்ணீர் ஏறியிருக்கும். ஆற்றை வைத்து வரிசை போடாதே என்று நீ சொன்னதை நாளைக்கு நான் சொல்வேன், அதைக் கேட்பார்களோ மாட்டார்களோ. ஆனால் கோட்டைப் பற்றிப் பேச எனக்கு வார்த்தை வேண்டியதில்லை. மழையில் நனையக் கூடாதென்று இரண்டு காலிலும் சாக்கைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உம்மா தண்ணீர்ச் சொம்போடு வாசலுக்கு வந்தாள். வேண்டாம் என்றேன். இதை எழுதும்போதும் காலை மணைமேல் தூக்கித்தான் வைத்திருக்கிறேன். இன்னும் கழுவவில்லை.