முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு

என் பெரிய குட்டிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குறையில்லாமல் இருக்க வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன், இந்தத் தடவை பொய் இல்லை. போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், நாலாவதோடு நின்றவள் நான்.

அப்பா போனபிறகு நான் சுருண்டே கிடக்கிறேன் என்று உனக்குக் கவலை, இந்த மாதக் கடைசிக்குள் எழுந்து நடமாடாவிட்டால் வீட்டைப் பூட்டி என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று எனக்கு டிக்கெட்டே எடுத்துவிட்டாய். அந்த மிரட்டலுக்குப் பயந்துதான் நேற்று கிளம்பினேன். பெரிய ரோட்டில் செருப்புக் கடைக்கு மேல் மாடியில், வலிக்காரர்களுக்கு உடம்பு பிடித்துவிடும் இடம் ஒன்று இருக்கிறது, ஆள் வேண்டும் என்று பலகை தொங்கியது. என்னைப்போல வேலை கேட்டு வந்திருந்த இரண்டு பெண்களும் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருந்தார்கள், என் கையில் குடைதான் இருந்தது. முதலாளியம்மா ஒரு பேக்கரிக்கார அம்மாவை உட்காரவைத்து, மாவு பிசைந்து பிசைந்து இவங்க தோள் இறுகிப்போச்சு, ஆளுக்கு ஒரு எண்ணெய் எடுங்க பார்க்கலாம் என்றாள். அலமாரி நிறைய பாட்டில். ஒருத்தி ரோஜா வாசனை எண்ணெயை எடுத்தாள், இன்னொருத்தி இருப்பதிலேயே விலை கூடிய பாதாம் எண்ணெயை எடுத்தாள். எனக்குக் கை போகவில்லை. உனக்குத் தெரியுமே, அப்பா கால் விழுந்து படுத்த புதிதில் யார் பேச்சையோ கேட்டு, சூடு ஏறினால் நல்லது என்று அவர் காலில் கடுகெண்ணெய் தேய்த்தேன். உணர்ச்சி இல்லாத காலுக்கு எரிச்சல் எப்படித் தெரியும், மறுநாள் மூன்று இடத்தில் கொப்புளம். நான் அழுதால் அந்த மனுஷன், என்னடி என் காலைத் தாளிச்சுட்டியே என்று சிரிக்கிறார். அன்றையிலிருந்து கேட்காமல், ஒரு சொட்டு வைத்துப் பார்க்காமல் நான் யாரையும் தொட்டதில்லை.

அதனால் பாட்டிலை விட்டுவிட்டு அந்த அம்மாவிடம், உங்க உடம்புக்கு எதுவும் ஒத்துக்காம போகுமா என்று கேட்டேன். அட ஆமா, பாதாம் நறுக்கினா கை தடிச்சுப்போகும், உறை மாட்டிக்கிட்டுத்தான் கேக் வேலையே பண்றேன், இவ்வளவு நேரம் யாரும் கேக்கலையே என்றாள். பாதாமை எடுத்தவள் பாட்டிலைச் சத்தம் இல்லாமல் திருப்பி வைத்துவிட்டாள். நல்லெண்ணெயைத் திறந்தேன், பழைய வாடை. எனக்குத் தெரியாத வாடையா, நம் வீட்டு ஜன்னலில் அப்பாவுக்குத் தேய்த்த எண்ணெய் பாட்டில் இத்தனை நாளாக அப்படித்தானே வீசுகிறது. மூடி வைத்துவிட்டேன். கடைசியில் கீழ்த்தட்டில் இருந்த சாதாரணத் தேங்காய் எண்ணெயை எடுத்தேன். ரோஜாக்காரி வாயைப் பொத்திக்கொண்டு, தலைக்குத் தேய்க்கவா என்றாள். பேக்கரி அம்மாவின் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கால் மணி நேரம்! முதலாளியம்மா கடிகாரத்தைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். ஏம்மா, எண்ணெய் முளைக்கப்போகுதா என்றுகூடக் கேட்டாள். தோல் சிவக்கவில்லை. அப்புறம்தான் எண்ணெயை உள்ளங்கையில் சூடு பண்ணித் தோளில் கை வைத்தேன். அப்பாவுக்குத் தேய்த்த கைதானே, அது தானாகவே வழி கண்டுபிடித்துக்கொண்டது. பேக்கரி அம்மா கொஞ்ச நேரம் முனகினாள், அப்புறம் எட்டிப் பார்த்தால் வாயைத் திறந்துகொண்டு குறட்டை! ரோஜாக்காரிகூடச் சிரித்துவிட்டாள். முதலாளியம்மா மெதுவாக, அவங்கள எழுப்பாதீங்க, திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்துடுங்க என்றாள். செருப்புக் கடை வாசலில் நின்று நான் தனியாகச் சிரித்ததை ஊரே பார்த்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் எண்ணெயைக் கொட்டினேன். நீ எத்தனை தடவை சொல்லியும் கொட்டாதவள், கொஞ்சம் அழுதுவிட்டுக் கொட்டினேன். பாட்டிலை வெந்நீரில் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன், புது எண்ணெய் ஊற்றி வேலைக்கு எடுத்துப்போவேன். நீயும் மாப்பிள்ளை முதுகுவலிக்கு எண்ணெயை வாசனை பார்த்து வாங்காதே, முதலில் ஒரு சொட்டு வைத்துப் பார். வேளைக்குச் சாப்பிடு. உங்கள் இரண்டு பேருக்கும் நோய்நொடி அண்டாமல் இருக்கட்டும், அப்பா இருந்தாலும் அதையேதான் சொல்வார். அந்த டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. வரமாட்டேன் என்று சொல்லவில்லை, வருவேன். ஆனால் லீவு கேட்டுவிட்டுத்தான் வர முடியும்.

இப்படிக்கு,
வேலைக்குப் போகும் உன் அம்மா