காலி கேலரியில் இரண்டு பேர்

மார்ச் 9

என் வாயாடி நாத்தனாருக்கு,

நலமா? ஸ்கோரைப் பார்த்திருப்பாய், நலமாக இருக்க வாய்ப்பில்லை என்று தெரிந்தும் கேட்கிறேன். போனில் பேசினால் இரண்டு பேரும் மாறி மாறிப் பெருமூச்சு விட்டே நேரம் போய்விடுகிறது. அதனால்தான் பழையபடி காகிதத்தை எடுத்தேன்.

உலகக் கோப்பையில் முதல் சுற்றோடு மூட்டை கட்டிவிட்டோம். அதுவும் யாரிடம்! நேற்றுதான் மட்டை பிடிக்கப் பழகிய நாடு. நம் ஊர் மைதானத்திலேயே, என் கண் முன்னாலேயே. மூக்குக்கண்ணாடிக் கடையில் முதலாளியிடம் வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். சாயங்காலம் வயிறு நிஜமாகவே வலித்தது.

நம் கேப்டன் ஸ்லிப்பில் நின்றார். நெஞ்சுக்கு நேராக வந்த கேட்ச். சின்னப் பிள்ளைகூடப் பிடிக்கும். விட்டுவிட்டார். பந்து தரையில் கிடக்க, தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து எவனோ பாட்டில் எறிந்தான். கூட்டம் பாதி ஆட்டத்திலேயே எழுந்து போய்விட்டது. நான் கடைசிப் பந்துவரை இருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அத்தை வாசலிலேயே, "என் பிள்ளை சொன்னது சரிதான்டி. அந்தப் பதினோரு பேருக்கு வேலை இல்லை, உங்க ரெண்டு பேருக்கு மூளை இல்லை" என்றார். உன் அண்ணன் போய் நான்கு வருடமாகிறது. அவருடைய கிண்டல் மட்டும் வீட்டைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

அத்தைக்கு முட்டிவலி பரவாயில்லை. ஒழுங்காகச் சாப்பிடு.

உன் அண்ணி

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

ஒன்றரைப் பக்கம்தான் எழுதியிருக்கிறீர்கள். இனி இதற்குக் குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இங்கே ஹோட்டலில் துவைக்கும் பிரிவு முழுக்க வேற்று நாட்டுக்காரர்கள். ஈர விரிப்புகளை இஸ்திரி இயந்திரத்துக்குள் தள்ளிக்கொண்டே, "உங்க டீம் இன்னும் இருக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். "இருக்கு, உன் வாய் இருக்கிற வரைக்கும் இருக்கும்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. எனக்குத்தான் மனசு ஆறியது.

ஆனால் அண்ணி, எல்லோரும் கேப்டனைத் தூக்கு தூக்கு என்கிறார்கள். நீங்களும் சேர்ந்துகொள்ளாதீர்கள். நம்மிடம் ஒன்றுமே இல்லாத காலத்தில் ஒற்றை ஆளாகச் சுமந்தவர் அவர். ஒரு கேட்ச் விட்டால் ஆள் வேண்டாமா? நான் ஊரைவிட்டுக் கிளம்பியபோது இருந்தவற்றில் இன்றும் மாறாமல் இருப்பது அவர் ஒருத்தர்தான். அண்ணன் இல்லை. நம் பழைய வீடு இல்லை. டிவியைப் போட்டால் அவர் வந்து நிற்பார், தொப்பியைச் சரிசெய்வார், எனக்கு ஊருக்கு வந்த மாதிரி இருக்கும்.

அம்மாவை மாடிப்படி ஏற விடாதீர்கள். சொன்னால் கேட்க மாட்டார், என் பெயரைச் சொல்லித் திட்டுங்கள்.

உங்கள் வாயாடி

ஜூலை 20

என் வாயாடிக்கு,

நீ கோபத்தில் இருப்பாய் என்று தெரியும். கேப்டனை நீக்கிவிட்டார்கள், கூடவே பழையவர்கள் நாலு பேரையும். புதுக் கேப்டனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. கேலரியில் அவனுக்குப் 'பள்ளிக்கூடம்' என்று பெயர் வைத்தாகிவிட்டது. முதல் டெஸ்டில் இன்னிங்ஸ் தோல்வி.

இருந்தாலும் நான் சொல்வதைக் கேள். செய்தது சரிதான். பெரியவருக்கு முதுகு வளையவில்லை. அவர் நன்றாக ஆடிய நாட்களை நாம் நினைத்துக்கொண்டிருந்தோம், அவரோ வலியோடு நின்றுகொண்டிருந்தார். கௌரவமாக வழியனுப்பாமல் தினக்கூலி ஆளைப் போல வெளியே தள்ளியது மட்டும் தப்பு. அதற்காகக் கிரிக்கெட் வாரியத்துக்கு ஒரு காட்டமான கடிதம் எழுதிப் போட்டிருக்கிறேன்.

கேலரியில் இப்போது ஆளே கிடையாது. எங்கள் வரிசையில் நான் ஒருத்தி, நாலு நாற்காலி தள்ளி ஒருவர். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வருவார், தண்ணீர் பாட்டிலும் தொப்பியுமாக. ஒருநாள் அவுட் இல்லை என்று நான் கத்தியபோது, "அவுட்தாங்க. நான் அம்பயர்" என்றார். ஞாயிற்றுக்கிழமை கிளப் ஆட்டங்களுக்கு அம்பயராம். மற்ற நாட்களில் குடிநீர் வாரியத்தில் மீட்டர் பழுதுபார்க்கிறார். மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு போய்ப் பல வருடமாகிறது.

"இன்னும் எதுக்குங்க வர்றீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஜெயிக்கிறப்ப வர ஊரே இருக்கு. இப்பத்தானே ஆள் வேணும்" என்றார்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன மாதம் மழைக்காக ஆட்டம் நின்றிருந்தபோது, திருமணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். ஒரு வாரம் யோசித்தேன். சரி என்று சொல்லிவிட்டேன். அக்டோபரில் பதிவு அலுவலகத்தில். அத்தைக்குச் சொல்லிவிட்டேன். அத்தை எங்களோடுதான் இருப்பார், அதில் மாற்றமே இல்லை. உன்னிடம் அனுமதி கேட்டு எழுதவில்லை. வேறு யார் வாயிலிருந்தும் உனக்கு இது வரக்கூடாது என்று எழுதுகிறேன்.

உன் அண்ணி

ஆகஸ்ட் 11

கடிதம் கிடைத்தது.

கேப்டனை வெளியே அனுப்பியதற்கு ஏன் அவ்வளவு நியாயம் பேசினீர்கள் என்று இப்போதுதான் புரிகிறது. பழையவர் போனால் புதியவர். ஆளை மாற்றினால் உங்களுக்கு எல்லாம் சரியாகிவிடும்.

அம்மாவை நான் இங்கே அழைத்துக்கொள்கிறேன். இனி எனக்கு ஸ்கோர் எழுத வேண்டாம்.

செப்டம்பர் 4

என் வாயாடிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அழுதேன். இரண்டாவது முறை கோபம் வந்தது. கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

உன் அண்ணனை யாரும் நீக்கவில்லை. அவர் செத்துப்போனார். ஆஸ்பத்திரி நடைபாதையில் அவருடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள் நான். அவருடைய இடத்தில் நான் யாரையும் நிறுத்தவில்லை. அந்த இடம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தைக் காவல் காப்பதே என் வேலை என்று நீ நினைத்தால், அது என்னால் ஆகாது. எனக்கு நாற்பத்திரண்டு வயது. பகலெல்லாம் ஊரார் மூக்குக்குக் கண்ணாடி சரிபண்ணிவிட்டு, வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்கு மனசில்லை.

நீ சொன்னதை அத்தையிடம் சொன்னேன். "நான் என்ன பெட்டியா, ஆளுக்கு ஆள் தூக்கிக் குடுக்க? அந்தக் குளிர்ல என் முட்டி என்னாகும்? அவளுக்கு அம்மா வேணும்னா லீவு போட்டு வரச் சொல்லு" என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன், ஒரு சொல்கூட என்னுடையது இல்லை.

ஸ்கோர் எழுத வேண்டாம் என்றாய். எழுதுவேன். தோற்றோம். ஆனால் இந்தத் தடவை ஆட்டம் ஐந்தாம் நாள்வரை போனது.

உன் அண்ணி

நவம்பர் 16

என் வாயாடிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. பரவாயில்லை, நான் எழுதுகிறேன்.

அக்டோபர் கடைசியில் பதிவு முடிந்தது. அத்தைதான் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். உன் அண்ணன் படம் கூடத்தில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வந்த அன்றைக்கே இவர், "அதுல வெயில் படுது, சாயம் போயிரும்" என்று ஜன்னலுக்குத் திரை வாங்கி வந்து மாட்டினார்.

தொடரில் இரண்டு தோல்வி, ஒரு டிரா. 'பள்ளிக்கூடம்' விலாவில் அடி வாங்கி மண்டியிட்டு விழுந்தான். எழுந்து, சட்டையை உதறிவிட்டு, அடுத்த பந்துக்கு நின்றான். கேலரியில் முப்பது நாற்பது பேர்தான் இருந்திருப்போம். எல்லோரும் எழுந்து கைதட்டினோம். டீம் தேற இன்னும் மூன்று வருடமாவது ஆகும் என்கிறார் இவர். ஆகட்டும். நாங்கள் எங்கேயும் போகப் போவதில்லை.

டிசம்பர் கடைசியில் நம் டீம் உன் நாட்டுக்கு வருகிறது. கடைசி டெஸ்ட் நீ இருக்கும் ஊரில். போ என்று சொல்லவில்லை. செய்தி சொன்னேன்.

அங்கே இப்போது வெயில் காலமாமே, பருத்திச் சட்டை ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன். கோபத்தில் அதைப் போடாமல் இருந்துவிடாதே.

உன் அண்ணி

ஜனவரி 8

அண்ணி,

போனேன்.

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். கடைசி நாள் காலையில் மேற்பார்வையாளரிடம் போய், "எனக்கு வயிற்றுவலி" என்றேன். நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான்.

மைதானம் நிறைய அவர்கள் ஆட்கள். நம் கொடிக்குக் கீழே ஒரு வரிசைகூட நிறையவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆறு விக்கெட் போய்விட்டது. பக்கத்தில் இருந்த குடும்பம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியது. நானும் எழுந்தேன். எழுந்து, மறுபடி உட்கார்ந்தேன்.

தேநீர் இடைவேளைக்குப் பிறகு ஒன்பதும் போய்விட்டது, இன்னும் ஒன்று போனால் தோல்வி. 'பள்ளிக்கூடம்' ஒரு பக்கம், மட்டையைத் துடைப்பம் மாதிரி பிடித்திருந்த கடைசி ஆள் ஒரு பக்கம். ஸ்டம்பைச் சுற்றி அவர்கள் அத்தனை பேரும். ஒரு ஓவர் முடிந்தது. இன்னொன்று முடிந்தது. ரன் எடுக்கவே இல்லை அண்ணி, நின்றார்கள். வெறுமனே நின்றார்கள். வெளிச்சம் போய், கடைசிப் பந்தும் மட்டையில் பட்டுக் காலடியில் விழுந்தபோது, அந்தக் கடைசி ஆள் அங்கேயே உட்கார்ந்து அழுதான். ஜெயிக்கவில்லை. டிராதான். நான் கத்திய கத்தலில் மறுநாள் குரலே வரவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கடைசி ஓவர்களில் யாருடைய கையையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். நாற்காலிகள்தான் இருந்தன. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் நினைத்தேன். நான்கு வருடம் நீங்கள் எதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்? நான் கேட்டதே இல்லை. கேப்டனுக்கு என்ன ஆகுமோ என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். இதைக் கேட்டதில்லை.

இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆகஸ்டில் எழுதியதை மட்டும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

மே மாதம் லீவு கேட்டிருக்கிறேன். நம் ஊரில் டெஸ்ட் இருக்கிறதாமே. உங்கள் வரிசையில் எனக்கும் சேர்த்து இடம் போடுங்கள். அம்மாவும் வருவாரா என்று கேளுங்கள். திட்டிக்கொண்டே வருவார்.

ஒரே ஒரு சிக்கல். உங்களை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன், அதை யாரும் மாற்ற முடியாது. ஆனால் அவரை அண்ணன் என்று கூப்பிட எனக்கு வராது. அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. அம்பயர் என்றே கூப்பிடட்டுமா? கோபித்துக்கொள்வாரா? கேட்டு எழுதுங்கள்.

உங்கள் வாயாடி